தண்ணீர் புகாத ஷூ

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்த கையோடு இது ஆரம்பித்துவிடும். நான் மீஞ்சூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளின் அப்பா, அம்மா எல்லாம் கேட் ஓரமாக நின்றுகொண்டு, என்ன ஷூ வாங்கட்டும் டீச்சர் என்று கேட்பார்கள். நானும் சொல்வேன். வெயிலில் ஓடுகிற பிள்ளைக்குத் தோல் வேண்டாம், ரெக்ஸின் வேண்டாம், மேல்பக்கம் வலை வலையாகக் காற்று போகிற துணியாகப் பாருங்கள். சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், நாளெல்லாம் நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அப்போது சரியாக இருந்தால்தான் ஓடும்போதும் கடிக்காது. விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கட்டும். தார் ரோட்டுக்கு அடிப்பக்கம் மெத்தென்று வேண்டும், மண் பாதைக்குப் பல் பல்லாக வேண்டும், இரண்டிலும் ஓடுகிறவர்களுக்கு ரொம்பப் பெரிய பல் ஆகாது. மழைத்தண்ணீர் உள்ளே போகிறதே என்று பயப்படாதீர்கள், போன வழியாகவே வெளியே வந்துவிடும்.

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது கையில் கறுப்பாக, கனமாக, 'நல்லா உழைக்கும்' என்று கடைக்காரர் சொன்ன ஏதோ ஒன்று இருக்கும். நான் கோபித்துக்கொள்வதில்லை. தெம்பு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் நைனா, அதாவது என் அப்பா.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரி ஓரத்தில் இருக்கிறது. நைனா ஏரியில் வலை கட்டுகிறவர். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றில் கழிகளை நட்டு, வலையைக் கட்டிவிட்டு, நீரோட்டம் திரும்பும்வரை பக்கத்திலேயே கிடக்கிற வேலை. ஏரிக்குள் வலை கட்டும் இடங்களை ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நம்முடைய பாடு வருகிற நாளில் நல்ல இடம் நமக்கு. அதை விட்டால் ஊர் முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் அடுத்தது. காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் நைனா தன் பாட்டை விட்டதில்லை.

தண்ணீரிலேயே கிடந்து அவருடைய கால் விரலிடுக்குகள் எப்போதும் வெளுத்து ஊறிப்போயிருக்கும். சாயங்காலம் அவர் கால் கழுவி வந்து உட்கார்ந்ததும், அம்மா மருதாணி இலையையும் மஞ்சளையும் சேர்த்து அரைத்து விரலிடுக்கில் அப்புவாள். அதனால் எங்கள் வீட்டில் வருடம் முழுவதும் மருதாணிச் சிவப்போடு இருந்தது நைனாவின் கால்தான். எனக்குப் பண்டிகைக்குப் பண்டிகைதான் வைத்துவிடுவாள். தினமும் மிச்சம் ஏதாவது இருக்குமா என்று கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பெண்பிள்ளை நான் ஒருத்தி இருக்கும்போது இவருக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று எனக்கு நிஜமாகவே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

நான் ஓடக் கற்றுக்கொண்டதற்கு பஸ்தான் காரணம். பள்ளிக்கூடத்துக்குப் பாதித் தூரம் சவுக்குத்தோப்பு மணல், மீதி தார் ரோடு. பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் ஓட்டம். பெரும்பாலும் ஓட்டம்தான். ஒருநாள் பின்னால் டூவீலரில் வந்த பி.டி. சார், என்னைத் தாண்டாமல் ரொம்ப தூரம் பின்னாலேயே வந்திருக்கிறார். அந்த வாரமே வீட்டுக்கு வந்து நைனாவிடம் பேசினார். மே மாதம் திருவள்ளூரில் விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்து எடுக்கிறார்கள், எடுத்துவிட்டால் தங்குவது, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு, நல்ல கோச் இருப்பார், பிற்பாடு வேலைக்கும் வழி உண்டு என்றார். வெறுங்காலோடு ஓட விடமாட்டார்கள், ஷூ மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஓடுகிற இடம் எப்படி? பாதி தார் ரோடு, பாதி ஏரிக்கரை என்று சார் சொன்னார். ஏரிக்கரை என்று காதில் விழுந்ததுமே நைனாவின் முகம் மாறிவிட்டது. அவருக்குத் தெரிந்த கரை எல்லாம் சேறுதான்.

பொன்னேரிக்குப் போனோம். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஷூ போட்டதில்லை. எது நல்லது என்று பார்க்க நைனாவுக்குத் தெரிந்திருந்தது படகு பார்க்கிற முறை ஒன்றுதான். ஒவ்வொரு ஷூவையும் எடுத்து அடிப்பக்கம் தட்டினார், ஓரத்தில் விரலை வைத்து நீவினார், பசையை முகர்ந்து பார்த்தார். சார் சொன்ன மாதிரி லேசாக, நீலமாக, மேலே பொடிப்பொடி ஓட்டை வைத்த ஒரு ஜோடியை நான் எடுத்து நீட்டினேன். அதை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிந்தது.

"இன்னாபா இது, வலை மாதிரி கீது?" என்றார் கடைக்காரரிடம்.

"காத்து போறதுக்குண்ணே. வெயிலுக்கு இதான் நல்லது."

"காத்து பூந்தா தண்ணி பூராதா?"

நைனா அந்த ஷூவைக் கீழே வைத்துவிட்டு, ஐஸ் கம்பெனி ஆட்கள் போடுகிற மாதிரி முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். நான் கடை நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நீல ஷூவே வாங்கப்பட்டது. ஆனால் திரும்பி வரும் வழி முழுக்க அவர் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யோசனையாகவே இருந்தார்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவர். விரிசல் விட்ட இடத்தில் கண்ணாடி நார்த்துணியை வைத்து ரெசின் பூசினால் அது இறுகிக் கல்லாகிவிடும். விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குச் சில நாள் முன்னால் நைனா என் ஷூவைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் போனார். மாமா, வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஷூவின் முன்பக்கம், இரண்டு ஓரம், அடியும் மேலும் சேருகிற இடம் என்று ஓர் ஓட்டை விடாமல் ரெசின் பூசி, வெயிலில் காயவைத்துவிட்டார்கள். நார்த்துணி மட்டும் வைக்கவில்லை, கனமாகிவிடுமாம். அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள்.

காய்ந்ததும் ஷூ இரண்டையும் படகு ஓரமாகத் தண்ணீரில் மிதக்கவிட்டார் நைனா. கரையில் வலையில் வேலையாக இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். ரொம்ப நேரம் கழித்து எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவினார். ஈரம் இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் வேறு எப்போதும் பார்த்ததாக நினைவில்லை. எனக்கு மட்டும் கோபம் வந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். நானும் அந்த ஊர்ப் பெண்தானே. புதுப்படகு போல் பளபளவென்று இருந்தது. திருவள்ளூருக்கு வருகிற எவளிடமும் இப்படி ஒரு ஷூ இருக்காது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. படகு மடங்காது, கால் மடங்கும் என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேர்வு நாளும் நைனாவின் பாடும் ஒரே நாளில் வந்தன. அவர் தன் பாட்டை மாமாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு என்னோடு வந்தார். திருவள்ளூர் மைதானத்தில் விதவிதமான ஷூக்களுக்கு நடுவில் ரப்பர் செருப்பும் சிவந்த காலுமாக நைனா நின்றார். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், உங்கப்பா ஏன் மருதாணி வைத்திருக்கிறார் என்று கேட்டாள். எங்கள் ஊரில் எல்லோரும் வைப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

பி.டி. சார் வந்து என் ஷூவைப் பார்த்தார். குனிந்து கட்டைவிரலால் அழுத்தினார். அது அமுங்கவில்லை.

"யாரும்மா பண்ணது இத?"

"எங்க நைனா சார். ஒரு சொட்டு பூராது."

சார் நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், அவருடைய கோபம் பள்ளிக்கூடத்தில் பிரசித்தம். ஆனால் அவர் பார்வை மெதுவாக இறங்கி நைனாவின் காலில் போய் நின்றது. பிறகு என் லேஸை அவிழ்த்து, தளர்த்திக் கட்டிவிட்டு, சரி ஓடு என்று மட்டும் சொன்னார்.

ஓடினேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. தார் ரோட்டில் கொஞ்ச தூரத்திலேயே ஷூவுக்குள் வெந்நீர் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. உள்ளே வந்த சூட்டுக்கும் வேர்வைக்கும் வெளியே போக வழியில்லை. கால் ஒவ்வொரு முறை மடங்கும்போதும் ரெசின் மடக்கென்று உடைந்தது, உடைந்த ஓரம் விரல்மேல் அறுத்தது. ஆனாலும் ஏரிக்கரை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். அங்கே எல்லோரும் சேற்றில் வழுக்கும்போது நான் மட்டும் போய்விடுவேன் என்று ஒரு கணக்கு. கரை வந்தது. ஏரியில் பேருக்குக்கூடத் தண்ணீர் இல்லை. பாளம் பாளமாக வெடித்த தரையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பாதிப் பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். ஓடி முடித்தேன். எடுத்துக்கொண்டவர்களின் பெயர்களை மைக்கில் வாசித்தபோது என் பெயர் வரவில்லை.

நைனா வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்கவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. ஷூவைக் கழற்றினார். கொப்புளம் உடைந்து, கால் மொத்தமும் நனைந்திருந்தது. ஷூவுக்குள் கையை விட்டார், வெளியே எடுத்தார், விரலைப் பார்த்தார்.

"ஈரமா கீதே. தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

அது என் வேர்வை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை அந்த ஷூ அவர் கையிலேயே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், விரலால் தடவிக்கொண்டே போவார், விரிசலில் நகத்தை வைத்து நெம்புவார், மறுபடி திருப்புவார். விடுதி போய்விட்டது, காலில் தோல் இல்லை, இந்த மனிதர் ஓட்டை தேடிக்கொண்டு வருகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் திருப்பாலைவனம் தாண்டும்வரை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு பொன்னேரியிலேயே படித்து, வெறுங்காலில் ஓடி, கடைசியில் வேறு வழியாகச் சுற்றிவந்து இந்த வேலையில் உட்கார்ந்தேன். ஷூ கதையைக் கல்லூரியிலும் ஸ்டாஃப் ரூமிலும் எத்தனையோ முறை சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் பள்ளியை வெள்ளத்தில் வீடு மூழ்கி வந்தவர்கள் தங்குவதற்கு எடுத்துக்கொண்டார்கள். மைதானம் குளமாகிக் கிடந்தது. நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் நடந்து சாப்பாடு கொடுப்பதும், மறுநாள் காயாத அதே ஷூவை மாட்டுவதுமாக இருந்ததில் என் விரலிடுக்குகள் வெளுத்து, பிளந்து, புண்ணாகிவிட்டன. காலைத் தரையில் வைக்க முடியவில்லை. லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். நைனா இப்போது ஏரிக்குப் போவதில்லை. என் காலைப் பார்த்தார். பின்னால் போய் மருதாணி பறித்து வந்து, அம்மாவிடம் கொடுக்காமல் தானே மிக்ஸியில் அரைத்து, என் முன்னால் தரையில் உட்கார்ந்து விரலிடுக்கில் அப்பினார்.

நெருப்பை வைத்த மாதிரி எரிந்தது. காலை இழுத்துக்கொண்டேன். அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"எரியும். கொஞ்ச நேரம்தான்."

"உனுக்கு தெனமும் இப்டிதான் எரிஞ்சுதா நைனா?"

"பழகிடும்னு சொல்வாங்க" என்று சிரித்தார். பழகியதா என்று சொல்லவில்லை.

அந்த எரிச்சலுக்குப் பக்கத்தில்தான் நான் தினமும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள்கூட அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை, என் கண் கிண்ணத்தில் இருக்கிற மிச்சத்தின் மேல் இருந்தது. மைதானத்தில் குனிந்த பி.டி. சாருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. கால் என்றால் நைனாவுக்குத் தெரிந்த ஒரே பகை தண்ணீர். வீட்டில் ஒரு ஜோடிக் காலாவது காய்ந்திருக்கட்டும் என்று தன் பாட்டையும் விட்டுவிட்டு வந்த மனிதர், அந்தக் கால் எங்கே நனைந்தது என்று பழவேற்காடு வரைக்கும் தேடிக்கொண்டே வந்திருக்கிறார். ஜன்னலோரம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த எனக்கு, வலிக்கிறதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் குறையாக இருந்தது.