பின்பக்கம் இல்லாத வீடு

சுவரைத் தட்டினார். மறுபக்கத்திலிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். நகராட்சித் திட்டப் பிரிவு அதிகாரி சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“டெஸ்மண்ட்தான். பின்தெருக்காரர். எனக்கும் அவருக்கும் ஒரே சுவரு,” என்றார் பெரில் ஓல்ட்ராய்ட்.

“அப்போ வீட்டுக்குப் பின்பக்கம் எங்கம்மா?”

“அதைத்தானே தம்பி மூணு கடுதாசில எழுதினேன்.”

லீட்ஸில் எங்கள் தெரு வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை. இடது, வலது, பின்னால் என்று மூன்று புறமும் அண்டை வீட்டார்தான். காற்றும் தபாலும் முன்வாசல் வழியாக மட்டும் வரும். பெரில் இங்கே வந்து நாற்பத்தாறு வருடம். தையல் ஆலையில் ஆண்களின் கோட்டுகளுக்குப் பொத்தான் துளை தைத்து ஓய்வு பெற்றவர். துளை எங்கே வர வேண்டும் என்று இந்த வருடம் வரை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

வீட்டுக்குச் சூடும் குளிக்க வெந்நீரும் தந்துகொண்டு கணப்புக்குப் பின்னால் இருந்த பழைய பாய்லர் செப்டம்பரில் உயிரை விட்டது. அது புகைபோக்கி வழியாக மூச்சுவிட்ட ரகம். புதியதற்கு வெளிச்சுவரில் ஓட்டை போட்டு ஒரு சாண் குழாய் நீட்ட வேண்டும். பெரிலுக்கு வெளிச்சுவர் ஒன்றே ஒன்று. அது தெருவைப் பார்த்து நிற்கிறது. தெருவோ பழமை மாறாமல் காக்க வேண்டிய தெருக்களின் பட்டியலில் இருக்கிறது. தெருப்பக்கம் குழாய் நீட்ட அனுமதி வேண்டும். விண்ணப்பித்தார். ‘பின்சுவரில் வைப்பதைப் பரிசீலிக்கவும்’ என்று பதில் வந்தது.

வேறு யாராவது என்றால் போனில் கத்தியிருப்பார்கள். பெரில் கடிதம் சொன்னதைச் செய்கிறவர். தெருவைச் சுற்றிக்கொண்டு போய் டெஸ்மண்ட் பில்கிரிமின் கதவைத் தட்டினார். குழாய் அவர் கூடத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கலாமா என்று கேட்டார்.

“டிவிக்கு மேலயா, கீழயா?” என்றார் டெஸ்மண்ட்.

“மேல.”

“கிரிக்கெட் பாக்கறப்போ புகையடிக்குமே, பெரில்.”

“வெறும் ஆவிதான்.”

“அப்போ மேட்ச்சே தெரியாது. வேணாம்.”

‘பரிசீலித்தேன். திரு. பில்கிரிமுக்குச் சம்மதமில்லை’ என்று எழுதிப் போட்டார். வீட்டின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். கூடத்துப் பின்சுவரின் பூப்போட்ட தாளைப் படமெடுத்து அனுப்பினார், கிழிந்த இடத்தில் காலண்டரை மாட்டிவிட்டு. அதைப் பார்த்த பிறகுதான் அதிகாரி நேரில் வந்தார். நவம்பர் பாதி முடிந்திருந்தது. பெரில் வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டிருந்தார். அதிகாரியும் மறுத்தால் வசந்தம் வரை அதைக் கழற்ற முடியாது.

“எதுக்கும் அந்தப் பக்கத்தையும் பாத்துடறேன்,” என்றார் அதிகாரி.

இருவரும் சுற்றிக்கொண்டு போனார்கள். கதவைத் திறந்த டெஸ்மண்ட், “பெரிலோட கொல்லைப்புறத்தைப் பாக்க வந்தீங்களா சார்? இதோ, என் சோபா. உக்காருங்க,” என்றார்.

அறை கதகதப்பாக இருந்தது. அதிகாரி மப்ளரைத் தளர்த்தினார்.

“உங்க பாய்லர் குழாய் எங்க இருக்கு?”

“முன்சுவர்ல. தெருவைப் பட்டியல்ல சேக்கறதுக்கு முன்னாடியே வெச்சது. செங்கல் கலர் அடிச்சிருக்கேன். உள்ள வர்றப்போ பாத்திருப்பீங்களே.”

அதிகாரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இல்ல.”

“தலைக்கு நேரா இருக்கு சார். போன வாரம் கேஸ்காரர் இடிச்சுக்கிட்டார்.”

அதிகாரி வெளியே போய்ப் பார்த்தார். எதிர்ச்சாரிக்குப் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து குறிப்பேட்டில் எழுதினார்.

“அதே கலர் அடிச்சிடுவீங்களாம்மா?”

“அடிச்சுடறேன். இதுக்கா தம்பி எட்டு வாரம்?”

“நாளைக்கு அனுமதி அனுப்பிடறேன்மா,” என்றார். மப்ளரை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை. பதினொன்றரைக்கு மின்னஞ்சலில் அனுமதி வந்தது. நிறம் பற்றி ஒரு நிபந்தனை இருந்தது. பெரில் பாய்லர் மாட்டுகிறவருக்குப் போன் செய்தார். டிசம்பர் ஒன்பதுக்கு முன்னால் நாள் இல்லை என்றார் அவர். பெரில் சரி என்றார். மதியம் மழை பெய்தது. பஸ் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பினார்.