கன்னியம்மாவின் ஆல்புமினும் செங்கொடி மேல் விழுந்த பழியும்

செங்கொடிக்கு நாற்பத்தொரு வயது. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கின் இரண்டாம் தளத்தில், என் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறாள். மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகச் சத்துணவுச் சமையலர். பதிவேட்டில் 142 பிள்ளைகள், தினமும் 142 முட்டைகள். உரிக்கும்போது ஒரு முட்டை பிய்ந்துவிட்டால், அது யார் தட்டுக்குப் போகிறதோ அந்தப் பிள்ளைக்கு ஒரு கரண்டி குழம்பு கூட ஊற்றுவாள். கணவர் நிலவனுக்குத் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலை.

மாமியார் கன்னியம்மாவுக்கு அறுபத்து மூன்று. கொருக்குப்பேட்டை சரக்கு யார்டில் பெருக்கும் வேலை பார்த்தவர். 2016-இல் லாரியின் பின்கதவு விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். எட்டு ஆண்டுகள் அந்தக் கம்பியோடு நன்றாகவே நடந்தார்.

2024 ஏப்ரல் முதல் அவர் இளைக்கத் தொடங்கினார். சோற்றைத் தள்ளி வைத்தார். சாயங்காலம் உடம்பு லேசாகச் சுட்டது. கணுக்கால்கள் வீங்கின. தொடை வலித்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் அறுப்பார்கள் என்ற பயம். படுக்கும்முன் ஒரு சொம்பு வெந்நீர் கேட்பார். செங்கொடி கொடுப்பாள். எதற்கென்று அவள் கேட்டதில்லை.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவுத்தாளில் ஆல்புமின் 2.8 என்றிருந்தது. 3.5-க்குக் குறையக்கூடாது என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. தாளைக் கொடுத்தவர், "ரத்தத்துல புரதம் கம்மி. நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, நிலவனின் தங்கை மாயா மணலியிலிருந்து வந்தாள். தாளைப் பார்த்தாள். மாடிப்படியில் நின்றுகொண்டுதான் பேசினாள். மூன்று தளத்துக்கும் கேட்டது.

"ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் ஆக்கிப் போடற. எங்கம்மாவுக்குப் போட மட்டும் கை வரலியா அண்ணி?"

"இன்னா பேச்சு பேசற மாயா? போடறதத் தள்ளி வெக்கிறாங்கடி. நீயே கேளு."

"நா இன்னாத்த கேக்கறது? ரத்தமே சொல்லுது."

கன்னியம்மா, "அவ போடறா, எனக்குத்தான் எறங்கல" என்றார். மருமகளுக்குப் பயந்து பேசுகிறார் என்று மாயா அதையும் பழியில் சேர்த்துக்கொண்டாள். அன்றே ஆட்டோவில் ஏற்றி மணலிக்கு அழைத்துப் போய்விட்டாள். நிலவன் வாசலில் நின்றார். யாருக்காகவும் பேசவில்லை.

பேச்சு அங்கே நிற்கவில்லை. "ஸ்கூலு முட்டை எந்த வழியா போவுதோ" என்று கீழ்த்தளத்தில் ஒருத்தி சிரித்தாள். ஒரே வாரத்தில் அது பள்ளிக்கு எட்டியது. வீட்டுக்குப் போன பிள்ளைகளிடம் தாய்மார்கள், முட்டை போட்டாங்களா, முழுசா போட்டாங்களா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். தலைமையாசிரியர் இரண்டு நாள் சமையலறைக்கு வந்து முட்டைகளை எண்ணினார். இரண்டு நாளும் சரியாக இருந்தது. இருந்தும் எண்ணினாரே என்பதில்தான் செங்கொடி உடைந்துபோனாள். அந்த மாதம் அவள் எங்கள் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

மணலியில் மாயா தாயைக் குறைவில்லாமல் கவனித்தாள். காலையில் இரண்டு நாட்டுக்கோழி முட்டை, மதியம் மீன், ஞாயிறு ஆட்டுக்கால் சூப். வாய் மூடினாலும் விடாமல் ஊட்டினாள். ஜூலை 8, திங்கட்கிழமை, அரசு மருத்துவமனையில் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தாள். ஆல்புமின் 2.5.

அங்கிருந்தே செங்கொடிக்குப் போன் செய்தாள்.

"அண்ணி... சத்தியமா நா சோறு போட்டேன்."

செங்கொடி, "தெர்யும்டி. நானும் போட்டேன்" என்றாள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

மருத்துவர் கார்குழலி தாளைப் பார்ப்பதற்கு முன் கன்னியம்மா நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறார். இடது காலை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டார். கன்னியம்மா செங்கொடியைப் பார்த்தார். பிறகு சேலையை விலக்கினார். பழைய தழும்பைச் சுற்றித் தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. சி.ஆர்.பி. என்ற இன்னொரு புரதத்தையும் பார்த்தார்கள். ஐந்துக்குள் இருக்க வேண்டியது 86 இருந்தது. எக்ஸ்ரேயில் கம்பியைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. ஊசி குத்தி உறிஞ்சியபோது சீழ் வந்தது.

"கம்பியைச் சுத்திக் கிருமி தொத்தியிருக்கு. ஆல்புமின், சி.ஆர்.பி. ரெண்டையும் செய்யறது கல்லீரல்தான்," என்று மருத்துவர் விளக்கினார். "உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தா அது வேலையை மாத்திக்கும். சண்டைக்கு உதவற புரதங்களை நிறைய செய்யும், ஆல்புமினைக் குறைச்சுக்கும். இருக்கறதும் ரத்தக்குழாய்லேருந்து கசியும். பசியும் போயிடும். சாப்பாட்டால மட்டும் அதை ஏத்த முடியாதும்மா."

செங்கொடி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வெள்ளத்தப்ப எங்க கிச்சன் மாரி. பசங்களுக்கு ஆக்கறத வுட்டுட்டு முகாமுக்குப் பொட்டலம் கட்டிக்கினு இருந்தோம். அரிசி இல்லாம இல்ல. வேலை மாறிப்போச்சி."

"அதேதான்" என்றார் மருத்துவர்.

வெளியே பெஞ்சில் மாயா அழுதாள். செங்கொடி அவளைத் தேற்றவில்லை. "தெனம் வெந்நி குடுத்தேன். எதுக்குன்னு ஒரு நாளு கேட்டனா? தொடைல ஒத்தடம் வெச்சிக்கினு இருந்திருக்காங்க. நீ என் மேல போட்ட பழி பொய்யி. ஆனா நானும் பாக்கலடி" என்றாள்.

ஜூலை 12, வெள்ளிக்கிழமை கம்பியை எடுத்தார்கள். மூன்றாம் நாள் சி.ஆர்.பி. 118. பயந்தே போனோம். அறுவை செய்தால் சில நாள் ஏறும், பிறகு இறங்கும் என்றார்கள். பத்தாம் நாள் 41. ஆல்புமின் அப்போதும் 2.5-இலேயே நின்றது. சி.ஆர்.பி. சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும், ஆல்புமின் மெதுவாகத்தான் திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே நடந்தது.

24-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பும்போது எந்த முகவரி என்று நர்ஸ் கேட்டார். கன்னியம்மா வாயைத் திறப்பதற்குள் மாயா முந்திக்கொண்டாள். "வியாசர்பாடின்னே எழுதுங்க சிஸ்டர். எங்கூட இருந்தா திட்டித் திட்டி ஊட்டிக்கினே இருப்பேன்."

"முட்டை போட்டுப் போட்டு கோழிக்கே பேஜாரு ஆயிடும்" என்றார் கன்னியம்மா. செங்கொடியும் மாயாவும் சிரித்தார்கள்.

கிருமிக்கான மாத்திரைகள் ஆகஸ்ட் முடிய ஓடின. செப்டம்பர் 27-இல் எடுத்த ரத்தத்தில் சி.ஆர்.பி. 4, ஆல்புமின் 3.7. தேதிப்படி தாள்களை நான்தான் அடுக்கி வைத்திருந்தேன் என்பதால் கடைசித் தாளையும் நிலவன் என்னிடம் கொண்டு வந்தார். பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து மாடிப்படியில் ஒட்டப் போகிறேன் என்றார். அன்று பேசாமல் நின்றதற்கு அவருக்குத் தெரிந்த பரிகாரம் அது. பின்னாலேயே வந்த செங்கொடி அவர் கையிலிருந்து தாளை வாங்கினாள்.

"இத்த ஒட்டினா இன்னா ஆவும்? ரத்தம் ஏறிச்சி, இவ சோறு போட்டுட்டான்னு சொல்லுவாங்க. அன்னிக்கி எறங்கனது என்னால இல்லன்னா இன்னிக்கி ஏறினதும் என்னால இல்லய்யா. அத்தைக்கு நல்லாயிடுச்சின்னு சொல்லு, போதும்."

தாளை என் கோப்பில் வைக்கச் சொன்னாள். எட்டரை மணி ஆகிவிட்டது, அடுப்பு மூட்ட வேண்டும் என்று பள்ளிக்குக் கிளம்பினாள்.