பிளான்காரரின் பழைய பவர் சப்ளை

அவரை எல்லோரும் பிளான்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் இன்ஜினியரிடம் போவார்கள். இன்ஜினியர் மனையின் அளவைக் குறித்து நேராக இவரிடம் அனுப்பிவிடுவார். எந்தப் பக்கம் வாசல், எத்தனை படுக்கையறை, மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்று கேட்டுக்கொண்டு மூன்றாம் நாள் படத்தைக் கையில் கொடுத்துவிடுவார். இருபத்தாறு வருடமாக இதுதான் தொழில். குடியிருப்பது ஒரு டைல்ஸ் கடையின் மாடியில், ஒற்றை அறையில். ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஜன்னலோரமாக இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் பழைய கதவு ஒன்றைக் கிடத்திச் செய்த மேஜை. அதன் மேல் கம்ப்யூட்டர்.

வயது ஐம்பத்து நான்கு. மனைவி பிரிந்துபோய் ஏழு வருடமாகிறது. சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவருடைய முதுகைத்தான் பார்க்கலாம். "இந்த வீட்டுல உங்களைவிட அந்த மெஷின்தான் அதிகமா சத்தம் போடுது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்னொரு நாள் சிரிக்காமல் சொன்னாள். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காமல் கிளம்பிவிட்டாள். போகாதே என்று இவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுவதற்குள் சாமான் ஏற்றிய வண்டி தெருமுனை தாண்டிவிட்டது. இரண்டு வருடம் கழித்துக் காகிதத்திலும் முடிந்தது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிவந்து கோத்துக் கொடுத்தவன் அவளுடைய தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து கோத்தான். மற்ற எதற்கும் சிக்கனம் பார்த்தவன் பவர் சப்ளைக்கு மட்டும் பார்க்கவில்லை. "அத்தான், கரண்ட்டை வாங்கி எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்கற பெட்டி இதுதான். இது சொதப்பிச்சுன்னா தனியா சாகாது, எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிடும்" என்றான். அக்கா போன பிறகு அவன் வருவது நின்றது. போனும் நின்றது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எந்த முறையில் வந்து நிற்பான்?

இந்த வருடம் இன்ஜினியர்கள் புதிதாக ஒன்று கேட்க ஆரம்பித்தார்கள். "வெறும் கோட்டுப் படம் வீட்டுக்காரங்களுக்குப் புரியல சார். தெருவுல நின்னு வீட்டைப் பாக்கற மாதிரி ஒரு கலர் படம் வேணும்." பழைய மெஷின் அதற்குத் தாங்கவில்லை. ஒரு சுவரின் நிழல் திரையில் விழுவதற்குள் சோறு வடித்து இறக்கிவிடலாம். வேறு வழியில்லாமல் பிளான்காரர் கடைத்தெருவில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

கடையை நடத்துவது நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. தனி ஆளாகத்தான் நடத்துகிறார். போர்டு, பிராசசர், மெமரி, கிராபிக்ஸ் கார்டு என்று சீட்டில் வரிசையாக எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"பவர் சப்ளை?"

"பழசே இருக்கட்டும்மா. நல்லாத்தான் ஓடுது."

"எத்தனை வாட்டு?"

அவர் லேபிளைப் போனில் படமெடுத்து வந்திருந்தார். கடைக்காரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நானூத்தி அம்பது. கணக்குப்படி போதும். வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஒம்பது."

"ஒம்பதா? சார், லேபிள்ல எழுதின எண்ணுக்கு வயசாகாது. உள்ள இருக்கறதுக்கு வயசாகும். நம்ம வயசுல வெறுங்கையோட மாடி ஏறிடலாம், அரிசி மூட்டையோட ஏற முடியுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டார்.

இரண்டு நாள் யோசித்தார். கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் பவர் சப்ளையிலிருந்து கிளம்பிய ஒயர்கள் எல்லாம் ஒன்றையொன்று தாண்டாமல், இரண்டு விரற்கடைக்கு ஒரு கறுப்பு முடிச்சு வைத்து, வாரிப் பின்னிய சடை மாதிரி கிடந்தன. ஒன்பது வருடமாக மச்சினன் போட்ட ஒரு முடிச்சுகூடத் தளரவில்லை. புதுப் பவர் சப்ளை வாங்கினால் இதையெல்லாம் வெட்ட வேண்டும். மறுநாள் கடையில், "ஓடறதை எதுக்கும்மா கழட்டிக்கிட்டு" என்று சொன்னார். வெட்ட மனசு வரவில்லை என்பதை யாரிடம் சொல்வது? கடைக்காரம்மா தோளைக் குலுக்கினார். "ஓடற வரைக்கும் ஓடட்டும். ஆனா பொறுப்பு என்னுது இல்ல." மற்ற பாகங்களை, பிளான்காரர் தூக்கிவந்த மெஷினில் பழைய ஒயர்களோடேயே மாட்டிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. கோட்டுப் படங்கள் பறந்தன. நம் முடிவு சரிதான் என்று பிளான்காரர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு மாடி வீட்டின் கலர் படம் போட உட்கார்ந்தார். கதவு, கைப்பிடிச் சுவர், வாசலில் ஒரு மரம் வரை வைத்து முடித்து, பட்டனைத் தட்டினார். பாதி வேலை ஆகியிருக்கும். திரை சட்டென்று இருண்டது. மெஷின் தானாக அணைந்து தானாக உயிர்பெற்றது. மறுபடி தட்டினார், மறுபடி அதே கதை. நான்காவது முறை மரம் சேர்த்த கோப்பே திறக்கவில்லை. அரைநாள் உழைப்பு அம்போ.

கடைக்காரம்மா போனில் அலட்டிக்கொள்ளவில்லை. "மூட்டையோட ஏறச் சொல்லிட்டீங்க, பாவம் உக்காந்துடுச்சு. புதுசு தரேன், வந்து எடுத்துட்டுப் போங்க. கடையை விட்டுட்டு என்னால வர முடியாது. நாலு ஸ்க்ரூதான், நீங்களே மாட்டிடலாம்."

சனிக்கிழமை காலை வாங்கிவந்து மேஜைமேல் வைத்தார். பழையதைப் போலவே இதற்கும் முதுகில் துளை துளையாகச் சாக்கெட்டுகள். ஒயரைத் தனியாகக் கழற்றி மாட்டிக்கொள்ளும் ரகம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சடையை ஏன் வெட்ட வேண்டும்? பழைய பெட்டியிலிருந்து ஒயர் முனைகளை உருவிப் புதுப் பெட்டியில் செருகிவிட்டால் போதுமே. ஒரு முனையை வைத்துப் பார்த்தார். பொருந்துகிற மாதிரிதான் இருந்தது, ஆனாலும் கொஞ்சம் இறுக்கம். அழுத்தலாமா வேண்டாமா? கடைக்குப் போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். மச்சினனின் எண் போனில் அப்படியே இருந்தது. பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அழுத்தினார்.

"ஹலோ, யாரு?"

அவன் போனில் இவர் எண் இல்லை. தன்னை யாரென்று சொல்வது? பதினாலு வருட உறவுக்கு இப்போது ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

"நான்… பிளான்காரர் பேசறேன்."

"ஓ. சொல்லுங்க."

'சொல்லுங்க'வுக்கு முன்னாலும் 'அத்தான்' இல்லை, பின்னாலும் இல்லை. பிளான்காரர் அவசர அவசரமாக விஷயத்துக்குப் போனார். மெஷின் அணைந்ததைச் சொன்னார், புதியது வாங்கியதைச் சொன்னார். "நீ கட்டின ஒயர் எல்லாம் அப்படியே இருக்கு. அதைக் கலைக்காம, முனையை மட்டும் உருவிப் புதுசுல சொருகிடலாம்னு பாக்கறேன்."

"ஐயோ அத்தான்! கையை எடுங்க! சொருகிட்டீங்களா?"

"இல்ல. இன்னும் இல்ல."

"சொருகாதீங்க. பாக்கத்தான் ஒண்ணு மாதிரி இருக்கும். எந்த ஓட்டையில எந்தக் கரண்ட் வரும்னு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற வேற. மாத்திக் குடுத்தா ஹார்ட் டிஸ்க் புகைஞ்சிடும். நீங்க போட்ட பிளான் பூரா போயிடும். பெட்டியில வந்த ஒயரை மட்டும்தான் போடணும். பழசை ஒண்ணு விடாம வெட்டி எடுங்க."

"நீ கட்டினதையா?"

"வெட்டுங்க. அப்ப எனக்கு வேலைவெட்டி இல்ல, அதான் அப்படி உக்காந்து கட்டினேன்."

பிளான்காரர் சிரித்துவிட்டார். அவனும் சிரித்தான். அவசரத்தில் வாய் தவறி வந்த அந்த 'அத்தான்' இருவர் காதிலும் விழுந்திருந்தது. இருவரும் விழாத மாதிரி நடந்துகொண்டார்கள்.

"ஸ்பீக்கர்ல போட்டு மேஜைமேல வைங்க. நான் லைன்ல இருக்கேன்."

கத்தரியால் முடிச்சுகளை ஒவ்வொன்றாக நறுக்கினார். முப்பத்தியொன்று இருந்தன. பெரிய ஒயர் எங்கே, பிராசசருக்கு எது, கார்டுக்கு எது என்று அவன் சொல்லச் சொல்ல மாட்டினார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய வேலை அவனுக்கு மனப்பாடமாக இருந்தது. நடுவில் அவன் பக்கம் ஒரு பெண் குரல், "யாருடா இவ்ளோ நேரமா?" என்று கேட்டது. "ஆபீஸ்ல இருந்துக்கா" என்றான் அவன். பிளான்காரரின் கை திருப்புளியோடு நின்றது. ஊருக்கு வந்திருக்கிறாள் போலிருக்கிறது. அவன் 'அக்கா' என்று சொல்லியிராவிட்டால் அந்தக் குரலை இவருக்கு அடையாளமே தெரிந்திருக்காது. அதுதான் அவரை உலுக்கியது.

"மாட்டிட்டீங்களா?" என்றான் அவன்.

"ம். மாட்டிட்டேன்."

மெஷின் கிளம்பியது. கலர் படம் ஒரே மூச்சில் முடிந்தது.

"அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"சரி, வைக்கறேன்."

அதற்குப் பிறகு மெஷின் ஒரு மக்கர்கூடச் செய்யவில்லை. பிளான்காரர் தினமும் அதைக் கூர்ந்து கவனித்தார். சூடாகிறதா, மெதுவாகிறதா, ஏதாவது வாடை வருகிறதா? ஒன்றும் இல்லை. போன் செய்வதற்கு ஒரு சந்தேகமும் மிஞ்சவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு காலையில், சந்தேகம் இல்லாமலே எண்ணை அழுத்திவிட்டார்.

"சொல்லுங்க. மறுபடி ஆஃப் ஆகுதா?"

"இல்ல, நல்லா ஓடுது. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

"ஆமா."

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் எடுக்கப்போறோம். பிளான் போட்டுத் தருவீங்களா?"

"தாராளமா. அளவு சொல்லு. யாருக்கு ரூம்?"

"அக்காவுக்கு. வேலையை விட்டுட்டு எங்ககூடவே வந்து இருக்கப்போறா." கொஞ்சம் தயங்கினான். "கீழ வரைஞ்சவர் பேர் போடற கட்டம் இருக்குமே, அதை மட்டும் காலியா விட்டுடுங்க."

"சரி" என்றார் பிளான்காரர்.

பதினோரடிக்குப் பதிமூன்றடி. எல்லோருக்கும் எடுத்துக்கொள்ளும் அதே மூன்று நாள்தான் எடுத்துக்கொண்டார். காலை வெயில் முகத்தில் அடித்தால் அவள் அன்றைக்கெல்லாம் தலைவலியோடு திரிவாள், அதனால் ஜன்னலைக் கிழக்குச் சுவரிலிருந்து வடக்குக்கு மாற்றினார். அவளுக்கு உயரம் போதாது. அலமாரியின் மேல் தட்டை ஒரு சாண் இறக்கினார். கேட்காவிட்டாலும் கலர் படமும் போட்டார். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினார்.

இரண்டு நாளில் மச்சினனிடமிருந்து செய்தி வந்தது. "அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஜன்னல் எப்படி அவ கேக்காமலே சரியா வந்துச்சுன்னு ஆச்சரியப்பட்டா."

"நீ என்ன சொன்ன?" என்று எழுதிக் கேட்டார்.

"இன்ஜினியர் நல்லவர்னு சொன்னேன்."

"நல்லது" என்று பதில் போட்டார்.

அறை நாலு மாதத்தில் எழும்பிவிட்டதாகக் கேள்வி. இவர் போய்ப் பார்க்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. மச்சினன் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை, வேலைக்குப் போகும் வழியில், பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு போன் செய்கிறான். மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்வான், மழை பெய்கிறதா என்று கேட்பான். அக்கா பேச்சை அவன் எடுப்பதில்லை, இவரும் கேட்பதில்லை. பஸ் வந்ததும் வைத்துவிடுவான்.