முந்தானையில் பிய்த்த நூல்

காலை பத்தே கால் மணிக்கு இஸ்திரிப் பெட்டி புடவையில் ஒட்டிக்கொண்டது.

மகனின் கல்யாணத்துக்கு எடுத்த முகூர்த்தப் புடவை அது. அதை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது எங்கள் வழக்கம். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பெண்ணின் அம்மா வந்து புடவையை வாங்கிப் போவதாகப் பேச்சு. அவர்கள் ஆரணியில் பட்டுத் தறி வைத்திருக்கும் குடும்பம்.

“ஏங்க, இங்க வாங்க,” என்றாள் மனைவி. எங்கள் வேங்கிக்கால் வீட்டின் சின்ன அறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. மடிப்போரத்தில் காசளவுக்குத் துணி சுருங்கியிருந்தது.

கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அறை எடுத்து விற்ற வியாபாரியிடம் நானே சோதித்து வாங்கியது. பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் நான். முந்தானையில் தொங்கிய நூலில் ஒன்றைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டினேன். முடி கருகும் நாற்றம் வந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. அசல் பட்டு என்று எல்லோர் முன்பும் சொன்னேன்.

இப்போது குறுக்கே ஓடும் நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினேன். அது உருகிக் கடுகு போல் கெட்டியாக நின்றது. முந்தானையில் தொங்குவது நெடுக்கே ஓடும் பாவு நூல் மட்டும். அதைப் பட்டில் போட்டு, குறுக்கே போகும் ஊடையைப் பாலியெஸ்டரில் நெய்திருக்கிறார்கள். என்னைப் போன்றவன் எங்கே பிய்ப்பான் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

“பத்தின இடத்தை உள்ள வெச்சு மடிச்சிடு,” என்றேன்.

“மடிச்சிடலாம் சார்,” என்றாள் மனைவி குத்தலாக. “அந்தம்மா தொட்டா தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து தறியில உட்கார்ந்தவங்க.”

ஸ்கூட்டரில் லாட்ஜுக்கு ஓடினேன். “அவரு முந்தாநேத்தே காலி பண்ணிட்டாருங்க. கேட்டு வந்ததுல நீங்க மூணாவது ஆளு,” என்றார் மேனேஜர்.

வீடு திரும்பியபோது பன்னிரண்டாக ஐந்து நிமிடம். புடவை மடித்து அட்டைப் பெட்டியில் இருந்தது. சுருங்கிய இடம் வெளியே தெரியவில்லை. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள். சொன்னால் சம்பந்தம் முறியுமோ, சொல்லாவிட்டால் அந்தப் பெண் இதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார வேண்டுமே. வாசலில் ஆட்டோ நின்றது.

பெண்ணின் அம்மா பெட்டியருகே உட்கார்ந்தார். தண்ணீர்ச் செம்பை வாங்கி ஓரமாக வைத்தார்.

“பிரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இது அசல் இல்லீங்க. நான் ஏமாந்துட்டேன்,” என்றேன்.

அவர் பெட்டியைத் திறந்து துணியைக் கட்டை விரலால் தேய்த்தார். மடிப்பைப் பிரித்துச் சுருங்கிய இடத்தையும் பார்த்தார். பிறகு பெட்டியைத் தள்ளி வைத்தார்.

“நீங்க வாயத் தெறக்கலைனா, தண்ணிகூட குடிக்காம பஸ் ஏறியிருப்பேன் அண்ணா. தறிக்காரங்க வீட்ல பொண்ணு எடுத்துட்டு, புடவைய லாட்ஜுல போய் எடுத்தீங்களா? ஒன்பது நாள்ல புதுசா நெய்ய முடியாது. என் சின்ன பொண்ணுக்குனு நெய்து வெச்ச பட்டு ஒண்ணு இருக்கு. நாளைக்கு ஆரணிக்கு வந்து பாருங்க.”