ஆண்டவருக்குச் சொன்ன செய்தி

கனடாவின் ஸ்காபரோவில் தமிழர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த எழுபதுகளில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் யாருடைய அப்பார்ட்மென்டிலாவது செபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வேத வாசிப்பு, கடைசியில் பியற்றிஸ் அன்ரியின் செபம். அது முடிந்தால்தான் இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் வரும். ஆகவே அன்ரியின் செபம் எவ்வளவு நீளும் என்பது எங்கள் எல்லோருக்கும் முக்கியமான விஷயம்.

அன்ரிக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. தங்கமான மனுஷி. ஒருவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் பனிக்குள் பஸ் மாறி மாறி ரசத்தோடு வந்து நிற்பா. அதனால் ஊர்த் துக்கமெல்லாம் அவவிடம் வந்து சேரும். சேர்ந்ததைச் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, ஒன்றும் விடாமல் ஆண்டவருக்குச் சொல்லுவா. பெயர், வருத்தம், டாக்டர் சொன்னது, மாமியார் சொன்னது. எல்லாம் அறிந்தவருக்கு எதற்கு இவ்வளவு விபரம் என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

ஒரு மாசி மாதக் கூட்டத்தில் இம்மானுவேலும் மனைவி சுகிர்தமும் என் பக்கத்தில் இருந்தார்கள். இம்மானுவேல் தொழிற்சாலையில் வேலை செய்தார். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

"பரம பிதாவே, இம்மானுவேலை உமது பாதத்தில் வைக்கிறேன்," என்று அன்ரி உருகினா. "வேலை பறிபோனதைச் சொல்ல வெட்கப்பட்டு, காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு புறப்பட்டு, பொழுதுபடும்வரை சப்வே ரயிலில் சுற்றுகிறாரே, தேவரீர் அறிவீரே!"

மூடிய கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இம்மானுவேல் எழுந்து, கோட்டைக்கூடப் போடாமல் வெளியே போனார்.

சுகிர்தம் அவருடைய கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். "உங்களை நம்பித்தானே சொன்னனான், அன்ரி. நீங்கள் கடவுளுக்கோ சொன்னனீங்கள், இவையளுக்கோ?"

அன்று ரோல்ஸ் ஒருவருக்கும் இறங்கவில்லை.

மறுநாள் அன்ரி அவர்கள் வீட்டுக்குப் போனா. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனா. கதவைத் திறந்தது இம்மானுவேல்.

"தம்பி, நான் செபமெண்டு நினைச்சுத்தான் செய்தனான். செய்தியெல்லோ வாசிச்சிருக்கிறன். என்னை மன்னியும்."

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, "வேலை இன்னும் கிடைக்கேல்லை, அன்ரி. செபிக்கிறதெண்டால் செபியுங்கோ," என்றார்.

அன்ரி அந்த வாசலிலேயே முழங்காலில் இருந்தா. "ஆண்டவரே" என்றா. மேலே ஒரு சொல்லும் வரவில்லை. விசும்பல் மட்டும் கேட்டது. அவ செபித்து நான் கண்ணைத் திறக்காமல் இருந்தது அன்றுதான். இம்மானுவேல்தான் "ஆமென்" சொன்னார். சொல்லிவிட்டு, உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

அவருக்கு வேலை கிடைக்க வைகாசி ஆனது. அதுவரை ஒவ்வொரு கூட்டத்திலும் அன்ரி தலையை மூடிக்கொண்டு பெயர்களை மட்டும் சொன்னா. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்சம் பேசாமல் இருப்பா.

ஒருநாள் புதுப்பெயர் ஒன்று வந்தது. கூட்டம் முடிந்ததும் பொறுக்கமாட்டாமல், "அன்ரி, உவருக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டேன்.

அன்ரி ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினா.

"அது ஆண்டவருக்குத் தெரியும், தம்பி. நீர் சாப்பிடும்."