வேல்ஸ் பெண்களின் பாட்டுப் புத்தகம்

செஞ்சிக் கோட்டையடியில் பஸ் நிற்கிறது. வயிற்றுப்போக்கில் என் குழந்தை சீட்டை நாறடித்துவிட்டான். பிடித்துக்கொள்ளச் சொல்லி நான் கொடுத்த புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பக்கத்து சீட்டில் வல்லத்துக்குப் போகும் அம்மாள் அதைத் துடைக்கிறாள். வேல்ஸ் நாட்டுப் பெண்கள் காலங்காலமாக எழுதிய கவிதைகள் அந்தப் புத்தகத்தில் உள்ளவை. அந்நாட்டவரான என் கல்லூரி ஆசிரியை இரவல் தந்த புத்தகம்.

“ஐயோ, என்னம்மா பண்றீங்க!”

“இங்கிலீசு பொஸ்தகம் தானே கண்ணு, சரஸ்வதி கோவிச்சிக்க மாட்டா. கொழந்தயப் பாரு, மறுபடியும் முக்குது.”

கிழிந்தது எந்தப் பெண்ணின் பாட்டோ? ஆசிரியையிடம் என்ன சொல்வேன்? புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டுகிறேன். பெண்கள் எழுதியவை, குறைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள் என்று ஒரு கனவான் நீளமாக முன்னுரை எழுதியிருக்கிறார். என் கையே அதைக் கிழித்து அவளிடம் நீட்டுகிறது.