பதினைந்து நாள் தள்ளுபடி

முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி, எத்தனை மொழி தெரியும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் இரண்டு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்து என் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

“எட்டு, ஐயா.”

“எட்டா? எங்க படிச்சீங்கம்மா?”

“படிக்கல ஐயா, அடிப்பேன். சிவகாசியில காலண்டர் கம்பெனி. இந்தி, தெலுங்கு, வங்காளம், ஒடியா எல்லாம் கம்ப்யூட்டர்ல அடிப்பேன்.”

“வாசிக்கத் தெரியுமா?”

“தமிழ் மட்டுந்தான். மத்த எழுத்தெல்லாம் மூஞ்சியப் பாத்தா அடையாளம் தெரியும், பேரு தெரியாது. பஸ்ல நெதம் பாக்குற ஆளுக மாதிரி.”

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

“தப்பு வராதா?”

“ஒம்பது வருசத்துல ஒன்னு வந்ததில்ல. அர்த்தம் தெரிஞ்சாத்தான ஐயா தப்பு வரும்.”

“அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?”

“நான் அடிச்சதுல என்னதான் எழுதியிருக்குன்னு பாக்கணும்ல.”

அவர் பெயர் பாண்டிமீனா. நான் அக்கா என்று கூப்பிடுவேன். எம். புதுப்பட்டிக்காரர். பட்டப்படிப்பை அஞ்சல் வழியில் முடித்துவிட்டு, மொழி, பண்பாடு, சமூகவியல் மூன்றும் கலந்த எங்கள் முதுகலை வகுப்பில் சேர்ந்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு. மீதி நாளெல்லாம் கம்பெனியில் வேலை. முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி அப்படி ஒத்துக்கொண்டிருந்தார். மதுரை பஸ்ஸில் நான் விருதுநகரில் ஏறும்போது அக்கா பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பார். கம்பெனியில் நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவர், இடம் காலியாக இருந்தாலும் சீக்கிரம் உட்கார மாட்டார். உட்கார்ந்துவிட்டால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, லோடு ஏற்ற வந்த வடநாட்டு லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டுவார். “இங்க பாரு பிள்ள, இவன் சாமி பேரு எழுதல, மக பேரு எழுதியிருக்கான்!” மூன்று மாதத்தில் இந்தி வாசிக்கவும் அர்த்தம் புரியவும் வந்துவிட்டது. அதன்பிறகு அவருக்கு எதையும் வாசிக்காமல் விட முடியவில்லை.

கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடித்த பக்கத்தை வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ‘ஓகே’ என்று பதில் வந்துவிட்டால், அதன்பிறகு ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடக் கூடாது. வடக்கே ஏதோ ஒரு ஊர் ஜவுளிக்கடையின் இந்திக் காலண்டர் ஆர்டர், ஐயாயிரம் பிரதி, அப்படி ஓகே வாங்கி அச்சுக்குப் போகக் காத்திருந்தது. அக்கா அதை இப்போது வாசித்தார். மகாளய அமாவாசைக்கு முந்தைய பதினைந்து நாளுக்கும் கடை தள்ளுபடி அறிவித்திருந்தது. அந்த வாரம்தான் பேராசிரியர் வகுப்பில் சொல்லியிருந்தார்: அந்தப் பதினைந்து நாளும் முன்னோருக்கு உரியவை, வடக்கே அப்போது யாரும் புதிதாக எதுவும் வாங்க மாட்டார்கள்.

கடைக்காரர் தெரியாமல் செய்துவிட்டார் என்று அக்கா நினைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. தள்ளுபடியைத் தூக்கி அடுத்து வரும் நவராத்திரி நாட்களில் வைத்துவிட்டார். ஐயாயிரமும் அச்சாகி, லோடு ஏற்றுவதற்கு முன் அனுப்பிய மாதிரிப் பிரதியைப் பார்த்ததும் கடையிலிருந்து போன் வந்தது. நவராத்திரிக்குக் கூட்டம் தானாக வரும், அப்போது எதற்குத் தள்ளுபடி என்று கத்தியிருக்கிறார்கள்.

அண்ணாச்சி அக்காவைக் கூப்பிட்டார்.

“யாரு சொல்லி மாத்துன?”

“அந்த நாள்ல அங்கன யாரும் துணி எடுக்க மாட்டாக அண்ணாச்சி. கடைக்காரருக்கு அசிங்கமாப் போயிரும்னு...”

“எடுக்க மாட்டாகன்னுதான தள்ளுபடியே போடுறான்! ஏம்மா, ஆடி மாசம் நம்மூர்ல எவனாவது கல்யாணம் வைக்கானா? ஆடித் தள்ளுபடி எதுக்குப் போடுதான்? நீ பெரிய படிப்பு படிக்கிற பிள்ள, சொல்லு!”

காலண்டர் தாள்களைச் சேர்த்து மேலே தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்த பாலம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாராம்: “அவ உடுத்தியிருக்கிறதே ஆடிச் சேலைதான் அண்ணாச்சி.”

“அம்புட்டுப் பேரும் சிரிச்சாக,” என்றார் அக்கா பஸ்ஸில். “எனக்கும் சிரிப்பு வந்துருச்சு பிள்ள. அதான் தாங்க முடியல. அந்தச் சேலைக்கு நான் காலையில ஏழு மணிக்கே போயி வரிசையில நின்னேன்.”

ஐயாயிரம் காலண்டரிலும் தகரத்தைப் பிரித்து இரண்டு தாளை மாற்றினார்கள். அண்ணாச்சி வேலையை விட்டு நிறுத்தவில்லை. காலண்டர் சீசன் முடியும் வரை, இன்னும் மூன்று மாதம், வாரத்தில் ஆறு நாளும் வரவேண்டும், இல்லாவிட்டால் படிப்பையே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் வராவிட்டால் வருகைப் பதிவு போதாது. தேர்வு எழுத முடியாது. அடுத்த ஆண்டு முதலிலிருந்து சேர வேண்டும். அதற்கும் அண்ணாச்சி சம்மதிக்க வேண்டும். வீடு ஓடுவது அக்காவின் சம்பளத்தில். அவருடைய அம்மா வேலை பார்க்கும் பட்டாசு ஆலையில் மழை வந்தால் வேலை இருக்காது.

கடைசியாக அவர் வகுப்புக்கு வந்த நாள், திரும்பும் பஸ் கள்ளிக்குடியைத் தாண்டியது. அக்கா கம்பியைப் பிடித்து நின்றபடி கையை மாற்றிக்கொண்டே இருந்தார். பேராசிரியரிடம் சொல்லிப் பார்க்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நோட்ஸ் எல்லாம் எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

“நோட்ஸ் எதுக்கு? ஐயா சொன்னத எழுதிக்கிட்டு வந்துதான நான் இப்படி நிக்கேன்.”

விருதுநகர் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன். முதல் நாளுக்குப் பிறகு, ‘உள்ளேன் ஐயா’ என்பதைத் தவிர அந்த வகுப்பில் நான் வேறு எதுவும் பேசியதில்லை என்று அவருக்குத் தெரியும். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அந்தப் பதினஞ்சு நாளும் யாரும் எதுவும் வாங்க மாட்டாகன்னு ஐயா சொன்னாருல்ல, அதை யார்ட்ட கேட்டாரு? துணி எடுக்கிறவகட்டயா, கடையத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கிறவகட்டயா? எனக்குத் தெரியணும் பிள்ள. நான்தான் அங்கன இருக்க மாட்டேன். நீ எந்திரிச்சு நின்னு கேளு.”